இடது பக்கத்தை வெட்ட வேண்டாம்

மோர்னிங்சைட், ஸ்காபரோ
ஐப்பசி 14

அன்புள்ள தவமணிக்கு,

நானும் மகன் வாகீசன் குடும்பமும் நல்ல சுகம். உன் சுகத்துக்கு முருகனை வேண்டிக்கொண்டுதான் பேனையை எடுத்தேன். எழுத்து கோணலாக இருக்கிறது என்று கோபிக்காதே. மூன்று தாள் கிழித்துப் போட்டாயிற்று, இது நாலாவது. ஒரு வரி முடிப்பதற்குள் தேத்தண்ணி ஆறிவிடுகிறது. கை நோகிறது, ஆனால் மனம் துள்ளுகிறது. ஒருவரும் எழுதித் தரவில்லை. முழுவதும் நானே.

கலியாணப் பதிவில் நான் பெருவிரல் வைத்தேன், நீ பக்கத்தில் நின்று அழகாகக் கையெழுத்துப் போட்டாய். அதை நீ ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. வீட்டுக்குக் கடிதம் வந்தால் ஆட்களுக்கு முன்னால், "கண்ணாடியைக் காணேல்லை, நீ வாசி" என்பேன். நீயும், "ஓம், கொண்டாங்கோ" என்று வாங்குவாய். கண்ணாடி என் சட்டைப் பையில் இருப்பது உனக்குத் தெரியும்.

இங்கே முதியோர் சங்கத்தில் சனிக்கிழமைகளில் தமிழ் வகுப்பு. லலிதா ரீச்சர் கும்பகோணத்துக்காரர், என்னைவிட மூன்று வயது குறைவு. பங்குனியில் சேர்ந்தேன். உனக்குச் சொல்லவில்லை, முதல் கடிதமே சொல்லட்டும் என்று இருந்தேன். போன கிழமை அஜின்கோர்ட்டில் காரில் போகும்போது தமிழ்க் கடைப் பெயர்களை எல்லாம் சத்தமாக வாசித்தேன். மருமகள் நிரூபா, "மாமா, மெதுவா. பக்கத்துக் கார்ச் சனம் பார்க்குது" என்று சிரித்தாள்.

இனி, நீ பதினொரு நாளாக என்னோடு கதைக்காத விஷயத்துக்கு வருகிறேன். எப்போது எடுத்தாலும் பக்கத்து வீட்டுத் துர்க்காதான் போனில் வருகிறாள். "அன்ரி கோயிலுக்குப் போட்டா" என்கிறாள். விடியவும் கோயில், மத்தியானமும் கோயில். நீ அப்படிப் பக்திக்காரி இல்லையே, தவமணி.

வாகீசன் தன் பழைய போனை எனக்குத் தந்த நாளிலிருந்து இங்கே மரங்களில் சிவந்து நிற்கிற இலைகளைத்தான் படம் எடுக்கிறேன். முதல் நாள் பத்துப் படத்திலும் என் விரல்தான் விழுந்தது. இப்போது தேறிவிட்டேன். மழை விட்ட கையோடு போனால் மரப்பட்டை கறுத்து, சிவப்பு இன்னும் சிவப்பாகத் தெரியும். வெயில் என்றால் இலைக்குக் கீழே நின்று வெளிச்சத்தைப் பார்த்து எடுக்க வேண்டும், நரம்பெல்லாம் தெரியும். கையுறையோடு தொட்டால் இந்தப் போனுக்குப் பிடிபடாது. ஒரு கையுறையைக் கழற்றிவிட்டு எடுப்பேன், விரல் விறைத்துவிடும். முதல் படத்தைப் பார்த்து நீ, "உந்த மரங்களுக்குத் தண்ணி விடுறேல்லையோ?" என்று கேட்டதைச் சொல்லிச் சொல்லி வாகீசன் இன்றைக்கும் சிரிக்கிறான்.

நான் எடுக்கிற எல்லாப் படத்திலும் மரம் வலது கரையில் நிற்கும். இடது பக்கம் சும்மா கிடக்கும். "அப்பா, அரைவாசிப் படம் வெறுமையாக் கிடக்கு, வெட்டி விடட்டோ?" என்று வாகீசன் கேட்டான். வேண்டாம் என்றேன். ஏன் என்று அவனிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. அது நீ நிற்கிற இடம்.

அந்த இடம் உனக்குக் காணுமோ, கொப்பு தலையில் முட்டுமோ என்று எனக்கு ஒரு யோசனை. வகுப்பு ஆட்கள் எல்லோரும் பூங்காவுக்குப் போன அன்று லலிதா ரீச்சரைப் பார்த்தேன். உன் உயரம். ஒருக்கா அதில் நில்லுங்கோ என்று கேட்டேன். "நிக்கறேன் ஐயா, ஆனா சிரிக்கச் சொல்லாதீங்க, பல் செட்டு வீட்டுல இருக்கு" என்றார். அவருடைய கணவர் சேதுராமன் ஃபிளாஸ்க்கும் கையுமாக எனக்குப் பின்னால் நின்று, "லலிதா, நாப்பது வருஷத்துல நான்கூட உன்னை இவ்வளவு பொறுமையா படம் எடுத்ததில்லை" என்று பகிடி விட்டார். அந்த மனிதர் படத்தில் இல்லாதது என் கெட்ட காலம்.

அளவு பார்க்க எடுத்த படம் அது. உனக்கு அனுப்ப எடுத்ததல்ல. மற்றப் படங்களை உனக்கு அனுப்ப எல்லாவற்றையும் சேர்த்து அமத்தினேன், அதுவும் போய்விட்டது. துர்க்கா வாகீசனிடம் எல்லாம் சொல்லிவிட்டாள். "அன்ரி, அங்கிளுக்குக் கனடாவில கூட்டு ஒண்டு கிடைச்சிட்டுது" என்று அவள் பகிடிக்குச் சொல்ல, நீ, "அப்ப நான் ஏன் கொழும்புக்கு அலையிறன்?" என்று விசாக் கடதாசிகளைப் பெட்டிக்கு அடியில் வைத்தாயாம். வாகீசன் இதைச் சிரித்துக்கொண்டு சொன்னான். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

போனில் சொல்லலாம்தான். ஆனால் இங்கே வாகீசன் சத்தத்தைக் கூட்டி மேசையில் வைப்பான், அங்கே துர்க்கா பக்கத்தில் நிற்பாள். ஐம்பது வருடத்தில் உனக்கு மட்டும் என்று நான் ஒன்றுமே சொன்னதில்லை. கொழும்பில் லொறி ஓடிய காலத்தில்கூட எனக்குக் கடிதம் எழுதித் தந்தவன் என் மச்சான். அவனுக்கு முன்னால் என்னத்தைச் சொல்ல? அரிசி இருக்கிறதா, கூரை ஒழுகுகிறதா என்றுதான் சொன்னேன்.

படுக்கையில் கிடந்த உன் அக்காவைப் பார்க்க நீ அங்கே நின்றது சரி. நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சித்திரையில் அவரும் போய்விட்டார். இது எனக்கு இங்கே இரண்டாவது இலையுதிர் காலம். காலையில் எழும்பினால் அறை சூடாக இருக்கிறது, சாப்பாடு இருக்கிறது, பிள்ளைகள் பார்க்கிறார்கள். பக்கத்தில் இருமுகிற ஆள் இல்லை. நீ இல்லாமல் எனக்குப் பழகவில்லை, தவமணி. உனக்குப் பழகிவிட்டதோ என்று பயமாக இருக்கிறது.

இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது இங்கே மரங்கள் மொட்டையாகிவிடும். அதனால்தான் ஒரு படத்தைக் கடையில் கொடுத்து அச்சடித்து இதற்குள் வைத்திருக்கிறேன். அதில் ஒருவரும் இல்லை.

கொழும்பில் விசாவுக்கான மெடிக்கல் கார்த்திகை 28 என்று வாகீசன் சொன்னான். இரவு பஸ்ஸில் போகாதே, உனக்கு வயிற்றைப் பிரட்டிச் சத்தி வரும். காலை ரயிலில் போ. துர்க்காவைக் கூட்டிக்கொண்டு போ, பகிடி விட்டாலும் நல்ல பிள்ளை. டொக்டர் கேட்டால் முழங்கால் நோவை மறைக்காதே. முருகன் உனக்குத் துணை நிற்பான்.

அடுத்த கிழமையும் எழுதுவேன். நீ ரயில் ஏறிவிட்டாய் என்று கேள்விப்படும்வரை கிழமைக்கு ஒன்று எழுதிக்கொண்டே இருப்பேன்.

என் கையாலேயே,
உன் சிவபாதம்