காயிலா, காயலான் கடையா?

அன்புள்ள என்னவருக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

திங்களன்று நம் பழைய கார் வாசலிலேயே படுத்துவிட்டது. பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் அது இல்லாமல் நான் வேலைக்குப் போக முடியாது.

மெக்கானிக் ப்ளக்கைக் கழற்றிப் பார்த்தார். "பொறியே வரலம்மா. பொறிக்கு மின்சாரம் குடுக்குற காயில் போச்சு. இந்தப் பழைய வண்டிக்கு வேற காயில் கிடைக்காது. இனி காயலான் கடைதான்."

"சோதிச்சுப் பாத்தீங்களா?"

"எல்லாம் அனுபவம்மா!"

"அனுபவத்தைக் கொஞ்சம் மீட்டர்ல காட்டுங்க."

காட்டினார். காயில் பழுதே இல்லாமல் கல்லுப் போல் இருந்தது. ப்ளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறக்கச் சொன்னேன். உள்ளே மின்சாரத்தை விட்டுவிட்டு வெட்டும் பாயிண்ட் கருகிக் கிடந்தது. என் நகம் தேய்க்கும் அரத்தாலேயே தேய்த்தேன். சாவியைத் திருப்பியதும் ப்ளக்கில் நீலமாகப் பொறி பறந்தது!

"சரியான சந்தேகப் பிராணிம்மா நீங்க" என்றார். கல்யாணமான நாள் முதல் நீங்கள் திட்டும் அதே சொல். அவர் வாயில் விருது போல் இருந்தது.

நேரமாகிவிட்டது, கிளம்புகிறேன், காரில்தான். அதைத் துடைக்கத் துணியில்லை. உங்கள் பழைய சட்டை ஒன்றை அனுப்புங்கள். துவைக்க வேண்டாம்.