களவாண்ட கொப்பு

சித்திரை 3 / காலை 6:10 / உள்வெப்பம் 27 / காற்று: நிறைவு

இதைக் கண்டெடுப்பவருக்கு வணக்கம். என் பெயர் சேர்மக்கனி. வயது நாற்பத்தொன்பது. படிப்பு ஐந்தாம் வகுப்பு, அதிலும் பாதி நாள் வகுப்புக்கு வெளியே நின்றவள். செவ்வாய் கிரகத்தில் நான்காம் எண் வீட்டில் தனியாக இருக்கிறேன், வீட்டுக்காரர் லீவில் பூமிக்குப் போயிருக்கிறார். தினமும் குறிப்பு எழுத வேண்டும் என்பது கம்பெனி சட்டம். பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள், நீங்கள் படித்தவர்தானே.

முந்தாநாள் முதல் கோடை என்று சுவர்ப்பெட்டி சொல்கிறது. நான் அதற்குச் சித்திரை என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

வீட்டுக்குள் ஆறு பாத்தி. துளசி, புதினா, தூதுவளை, திருநீற்றுப்பச்சை, கற்பூரவல்லி இரண்டு. கப்பலில் வந்த விசேஷ விதை. ஒரு பாத்தி ஒரு தோப்பின் வேலையைச் செய்யும். செடி விடுகிற மூச்சை நான் வாங்குகிறேன். இதற்குமேல் எனக்கு விஞ்ஞானம் தெரியாது.

துளசியின் பூக்கதிர்களை ஒடித்தேன். விட்டால் செடி கிழவியாகிவிடும். இந்த வீட்டில் ஒரு கிழவி போதும்.

ஒரு இரகசியம். போன வாரம் ஏழாம் எண் வீட்டுக்கு விருந்துக்குப் போனேன். வண்டியில் மூன்று நாள் தூரம். அங்கே இருப்பவன் தளவாய், என் வீட்டுக்காரரின் தம்பி. அவனுடைய கற்பூரவல்லி இலை ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். கேட்டால் கொடுத்திருப்பான். ஆனால் கேட்டு வாங்கிய செடி தழைக்காது, களவாண்டதுதான் தழைக்கும். எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரிந்த சேதி. அவன் முதுகைக் காட்டியபோது ஒரு கொப்பை ஒடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன். என்னைத் திரும்ப வண்டியில் கொண்டுவந்து விட்டவனும் அவனே, பாவம்.

கொப்பு நடப்பட்டது. ஐந்தாம் பாத்தி, ஓரம்.

சித்திரை 6 / மாலை 4:00 / வெப்பம் 29 / காற்று: நிறைவு

பேசும் பெட்டியில் தளவாய் பேசினான்.

"மதினி, இங்க ஒரு எலி வந்திருக்கு போல. ஓரத்துக் கொப்பைக் காணோம்."

"எலியா? கப்பலேறி வந்திருக்குமோ, கொழுந்தனாரே?"

"நல்ல வாட்டசாட்டமான எலியா இருக்கும்."

"பிடிச்சுக் கல்யாணம் பண்ணிக்கிடும். உமக்கு வேற யாரு பொண்ணு கொடுப்பா?"

களவாண்ட கொப்பு துளிர்விட்டிருக்கிறது. நான்கு இலை.

சித்திரை 8 / காலை 6:30 / வெப்பம் 31 / காற்று: 88

ஐந்தாம் பாத்தியில் இலைக்கு அடியில் திருநீறு பூசியதுபோல வெள்ளை. துடைத்தேன். மதியம் திரும்ப வந்தது. ஆறாம் பாத்தியிலும் இருக்கிறது.

களவாண்ட கொப்பில் மட்டும் லேசாக ஒரு படலம். ஆனால் அது வாடவில்லை. சுற்றியிருப்பவைதான் வாடுகின்றன.

கம்பெனியின் பெரிய முகாமுக்குச் சொல்லியிருக்கலாம். "எங்கேயிருந்து வந்தது?" என்று கேட்பார்கள். வானொலியில் ஏழு வீடும் கேட்கும். மஞ்சள் தண்ணீர் தெளித்துப் பார்ப்போம், நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன்.

சித்திரை 10 / மதியம் 2:15 / வெப்பம் 33 / காற்று: 61

புதினா போய்விட்டது. திருநீற்றுப்பச்சை போய்விட்டது. பூஞ்சைக்கு ஈரம் பிடிக்கும், காற்றோட்டம் பிடிக்காது என்று தெரியும். விசிறியை வேகமாக ஓட்ட மின்சாரம் போதவில்லை. பேசும் பெட்டியின் பேட்டரியைக் கழற்றி விசிறிக்கு மாட்டினேன். விசிறி கால் மணி நேரம் ஓடியது. திரும்ப மாட்டியபோது பெட்டிக்குள் படபடவென்று பொரிந்து புகை வந்தது.

இப்போது அடுத்தவர் பேசுவது எனக்குக் கேட்கிறது. நான் பேசுவது யாருக்கும் போகவில்லை. ஐம்பது வருஷமாக யாராலும் அடைக்க முடியாத என் வாயை ஒரு பேட்டரி அடைத்துவிட்டது.

சித்திரை 11 / காலை 8:00 / வெப்பம் 33 / காற்று: 52

"மதினி, கேக்குதா? என் தோட்டம் பூரா போச்சு. வெள்ளையா என்னமோ. ஒரு இலை மிச்சமில்ல. இருந்த காத்தை வண்டியில அடைச்சுக்கிட்டுக் கிளம்பிட்டேன். அஞ்சு நாளைக்கு வரும். பெரிய முகாம் நாலே முக்கா நாளு, உங்க வீடு மூணு நாளு. அங்க போனா டின்சோறு. நான் உங்க வீட்டுக்கே வாரேன். கற்பூரவல்லி பஜ்ஜிக்கு மாவு கரைச்சு வைங்க."

சீக்கு அவன் வீட்டில் பிறந்தது. நான் அதைப் பையில் போட்டுக் கொண்டுவந்தேன்.

நாளை மதியம் வண்டி கவட்டைப்பாறைக்கு வரும். அங்கே பாதை இரண்டாகப் பிரிகிறது. அதுவரை அவன் முகாம் பக்கம் திரும்பலாம். தாண்டிவிட்டால் முகாம் போய்ச்சேரக் காற்று பத்தாது.

அவனிடம் ஒரே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்: வராதே.

பெட்டியை நான்கு முறை பிரித்தேன். எந்த ஒயர் எதற்கு என்று தெரியவில்லை. மூடியில் ஒட்டியிருக்கும் படத்தில் எல்லாம் ஆங்கிலம்.

சித்திரை 12 / காலை 10:40

"என்ன மதினி, ஒரு பதிலும் இல்ல? கோவமா?"

கத்தினேன். பெட்டியைப் பிடித்து உலுக்கினேன். கவச உடை மாட்டி வெளியே போய் எவர்சில்வர் தாம்பாளத்தை வெயிலில் ஆட்டினேன். இரண்டு நாள் தூரத்தில் இருப்பவனுக்குத் தாம்பாளம் காட்டுகிறாள் பைத்தியக்காரி. தெரியும். வேறு என்ன செய்ய?

மதியம் 12:50

"கவட்டைப்பாறை தாண்டியாச்சு. எண்ணெய் நல்லாக் காயட்டும்."

சித்திரை 13 / காற்று: 30

துளசியும் தூதுவளையும் கருகிவிட்டன. கணக்குப் போட்டேன், விரல் விட்டு. வீட்டில் இருக்கும் காற்றோடு அவசர உருளையையும் சேர்த்தால் ஒருத்திக்கு ஒன்பது நாள். கப்பல் எட்டாம் நாள் வரும். அதில் என் வீட்டுக்காரர் இருக்கிறார், லீவு முடிந்து.

அவன் வண்டியில் மிஞ்சுவதையும் சேர்த்தால் இரண்டு பேருக்கு ஐந்தரை நாள்.

மூன்று முறை போட்டேன். கணக்கில் நான் மக்குதான். ஆனாலும் ஐந்தரைதான் வருகிறது.

சித்திரை 14 / காலை 9:40

"மதினி, வாசல்ல நிக்கேன். கதவு உள்ள பூட்டியிருக்கு. ஒண்ணு சொல்லட்டா? அந்த எலி நீங்கதான்னு அன்னைக்கே தெரியும். கண்ணாடியில பாத்துட்டேன். வேணும்னுதான் திரும்பி நின்னேன். களவாண்டாத்தானே தழைக்கும்? என் தோட்டம் போனப்ப அதைத்தான் நினைச்சேன், மதினி வீட்டுல ஒரு கொப்பு உசுரோட இருக்கும்னு. அதை நம்பித்தான் இங்க வந்தேன்."

இருக்கிறது, தளவாய். அது மட்டும்தான் இருக்கிறது. இடுப்பளவு நிற்கிறது, இலை உள்ளங்கை அகலம், அடியெல்லாம் வெள்ளை, மூச்சு மட்டும் விடவில்லை.

திறக்காவிட்டால் எட்டாம் நாள் கப்பலை நான் பார்ப்பேன். இறங்குகிறவர் "தம்பி எங்கே?" என்பார்.

மாவு கரைத்துவிட்டேன். எண்ணெய் காய்கிறது.

கண்டெடுப்பவரே, நீங்கள் உள்ளே வரும்போது எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு கற்பூரவல்லி தழைத்து நிற்கும். ஆசையாகத்தான் இருக்கும். யாரும் பார்க்கவும் மாட்டார்கள். ஒடிக்காதீர்கள்.

தட்டுகிறான்.

இந்தா வாரேன் கொழுந்தனாரே, வாரே