நாலு மணி நேரத்துக்கு ஒன்று

அன்புள்ள அப்பா,

எழுதுவதற்கு மன்னியுங்கள். நீங்கள் இருந்தபோது நேரில் நாலு வார்த்தை பேசக் கூச்சப்பட்டவள், போன பிறகு கடிதம் எழுதுகிறேன். உங்களுக்குப் படிக்கத் தெரியாது என்பதும் நினைவிருக்கிறது. வேறு வழி தெரியவில்லை.

அம்மாவுக்கும் புற்றுநோய். கர்ப்பப்பையில் தொடங்கி இடுப்பெலும்புக்கு வந்துவிட்டது. குணமாக்க முடியாது, வலியைக் குறைக்கலாம் என்கிறார் கோயமுத்தூர் டாக்டர். உங்களுக்குக் கொடுத்த அதே மார்ஃபின் வலி மாத்திரை. அம்மா வாயைத் திறக்க மறுக்கிறாள்.

“அதத் தின்னுதான உங்கப்பா போய்ச் சேந்தாரு? எனக்கு வேண்டாஞ் சாமி.”

சொல்லிவிட்டு முந்தானையைப் பல்லில் கடித்துக்கொள்கிறாள். கத்தாமல் இருக்க.

வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் நாலு மணி நேரத்துக்கு ஒன்று என்றுதான் உங்களுக்கு எழுதிக்கொடுத்த அன்றைக்கு டாக்டர் சொன்னார். “எம்புள்ள பி.எஸ்ஸி. படிச்சிருக்குதுங்க, அது பாத்துக்கும்” என்றீர்கள். அந்தப் பிள்ளை, டப்பாவில் ஆங்கிலத்தில் இருந்த எச்சரிக்கையைப் படித்தது. பழக்கமாகிவிடுமாம். பயந்துபோய், கேட்டால் மட்டும் கொடுக்கலாமென்று அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்தேன்.

நீங்கள் கேட்கிற ஆளா? கருமத்தம்பட்டியில் அத்தனை வருஷம் தறி ஓட்டியும் ஒரு நாள் லீவு கேட்டதில்லை. யாராவது ஹார்லிக்ஸ் பாட்டிலோடு பார்க்க வந்தால், எழுந்து உட்கார்ந்து “காப்பி குடிச்சுப்போட்டுத்தான் போகோணும்” என்பீர்கள்.

“ஏனுங்க மச்சா, தறிச் சத்தமில்லாம பொழுது போகுதுங்களா?” என்றார் எதிர்வீட்டுக்காரர்.

“அது எங்கீங்க நின்னுச்சு? வயித்துக்குள்ள ரெண்டு ஷிப்டும் ஓடுதுங்களே!”

எல்லோரும் சிரித்தார்கள். உங்கள் கை கட்டில் சட்டத்தை இறுக்கிப் பிடித்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன் அப்பா?

கடைசி நாளில் நீங்களே கேட்டீர்கள். கொடுத்தேன். சாயங்காலம் போய்விட்டீர்கள். அம்மா கண்ணில் பட்டது அந்த ஒரு மாத்திரைதான். பானையில் மிச்சமிருந்தவற்றை அவள் பார்க்கவில்லை. அநேகமாக எல்லாம் அப்படியே இருந்தன.

போன வாரம் கூச்சத்தை விட்டு, நான் செய்ததைச் சொல்லி டாக்டரிடம் கேட்டேன். “வலிக்குன்னு அளவாக் கொடுத்தா அடிமையாகறது ரொம்ப அபூர்வம்மா. மலம் கட்டும், அதுக்கு மருந்து இருக்கு. உங்கப்பா அவ்வளவு வலியோட இருந்திருக்க வேண்டியதில்ல.”

நேற்று அம்மாவிடம் பானை விஷயத்தைச் சொல்லி அழுதேன். அவள் என் கன்னத்தைத் தடவினாள்.

“என்னைய முழுங்க வெக்கறதுக்கு எப்படிப் பொய் சொல்ற, கண்ணு.”

இத்தனை நாள் மறைத்தேன். இப்போது உண்மையைச் சொன்னால் நம்ப ஆளில்லை. அலாரக் கடிகாரம் அடிக்கும்போதெல்லாம் மாத்திரையும் தண்ணீருமாக நிற்கிறேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறாள்.

இனி யாரும் கேட்கும்வரை காத்திருக்க மாட்டேன். இது சத்தியம். ஆனால் உங்களிடம் கேட்க ஒன்று இருக்கிறது. வாழ்நாளில் உங்களிடம் எதுவும் கேட்டதில்லை. அம்மா பகலில் கொஞ்சம் கண்ணயர்கிறாள். அப்போது அவள் கனவில் ஒரு தடவை வாருங்கள். என்னைக் காட்டிக்கொடுங்கள். மாத்திரையால் போகவில்லை, இவள் கொடுக்காததால் துடித்தேன் என்று சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் முழுங்குவாள், அப்பா.

உங்கள் பேச்சை ஒருபோதும் தட்டாத
மூத்த மகள்