எர்னஸ்டீன் வீட்டு முறை

மோர்ன் லாக்,
நவம்பர் 14

அன்பு மகள் யூடோராவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், மழை வந்தாலும் இப்போது நனையாமல் தூங்குகிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டி லீனாவும் ஆண்டவர் தயவில் அப்படியே இருக்க வேண்டும். லீனாவின் இருமல் விட்டதா? பனி தொடங்கியிருக்குமே, காதை மூடாமல் வெளியே அனுப்பாதே. உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. புயலுக்குப் பிறகு நான் எழுதியதை உங்கள் கோவிலில் பூசை முடிந்ததும் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினாய் என்றும், நான் போட்ட பட்டியல்படிதான் ஊரில் யார் பக்கமும் சாயாமல் கூரை போடுகிறார்கள் என்று பெருமையாகச் சொன்னாய் என்றும் எழுதியிருந்தாய். அதைப் படித்ததும் பதில் எழுத உட்கார்ந்தேன். இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு மூன்றாவதில் எழுதுகிறேன்.

பட்டியல் நான் போட்டதுதான். கூரை போன வீடுகள் நாற்பத்தொன்று, செயிண்ட் லூசியாத் தீவிலிருந்து கோவில் மூலம் வந்த தச்சர்கள் ஒன்பது பேர், எந்த வீடு முதலில் என்று சண்டை வராமல் பார்த்துக்கொள்ளும்படி பாதர் ஆன்செல்ம் கோவில் செக்ரட்டரியான என்னிடம் ஒப்படைத்தார். கைக்குழந்தை உள்ள வீடுகள் முதலில், பிறகு நோயாளிகள், பிறகு வயதானவர்கள் என்று அடுக்கினேன். எர்னஸ்டீன் செராஃபின் வீடு ஏழாவது, அவளுடைய அண்ணன் படுத்த படுக்கையாகி இரண்டு வருடம் ஆகிறது. உன் முதல் நற்கருணை விருந்துக்கு ஆட்டுக்கறி சமைத்தாளே, அவள்தான். நம் வீடு எட்டாவது. ஒவ்வொரு திங்கட்கிழமையும் நோட்டை எடுத்துக்கொண்டு போய், அந்த வாரம் முறை வரும் வீடுகளில் நின்று, தயாரா என்று கேட்பேன். ஊர் சேர்ந்து கூலியில்லாமல் செய்யும் கூட்டுக்கை வேலைக்கு வருகிறவர்களுக்கு அந்த வீட்டார்தான் வயிறு நிறையச் சமைத்துப் போட வேண்டும் என்ற நம் ஊர் வழக்கம் உனக்குத் தெரியும், ஆகவே அந்தக் கேள்விக்கு என்ன பொருள் என்று எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

எர்னஸ்டீன், “இன்னும் ஆகல செக்ரட்டரி, அடுத்த வாரம் பாக்கலாம்” என்றாள். நான் அவள் பெயருக்கு நேரே ‘தயாரில்லை’ என்று அழகாக எழுதிவிட்டு அடுத்த பெயரைப் பார்த்தேன். அடுத்தது நாம். நிவாரண அரிசியும், உன் அத்தை கொடுத்த வாழைக்காயும், கொஞ்சம் உப்பு மீனும் வைத்து அம்மா சமைத்தாள், ஒரே நாளில் கூரை ஏறிவிட்டது. அதற்குப் பிறகு நான்கு திங்கட்கிழமையும் அவள் அதே பதிலைச் சொன்னாள், எத்தனை பேர் வருவார்கள் என்று மட்டும் கேட்பாள், ஒன்பது என்பேன், அடுப்பைப் பார்ப்பாள். மூன்று கல், அதன் மேல் ஒரு காலிப் பால் டின். அதை நான் பார்த்தேன் மகளே. பார்த்துவிட்டு எழுதினேன்.

போன வியாழக்கிழமை தச்சர்களின் தலைவர் கத்பர்ட் நம் வீட்டில் கோகோ குடித்துக்கொண்டே எர்னஸ்டீன் வீடு இருக்கும் மேட்டைக் காட்டி, “ஞாயித்துக்கிழமை நாங்க கப்பல் ஏறணும் ஐயா, அந்த நீலத் தார்ப்பாய்க்காரங்களுக்குக் கூரை வேண்டாமா?” என்று கேட்டார். அவர்கள் இன்னும் தயாரில்லை என்றேன். “தயாராகறதுக்கு அது என்ன கல்யாணமா? நனையறதுக்கு மட்டும் தயாரா?” என்று சிரித்தார். உள்ளேயிருந்து அம்மா வந்துவிட்டாள். “எதை வெச்சுச் சமைப்பா அவ? பானை சட்டி எல்லாம் கூரையோட காத்துல போச்சாம், நேத்துதான் குழாயடியில சொன்னாங்க. ஊர்ல எல்லா வீட்டுக் கூட்டுக்கையிலயும் கரண்டி பிடிச்சவ, ஒம்பது பேர வெறும் வயத்தோட கூரைமேல ஏத்துவாளா? உங்க நோட்டுக்கு மழை பெய்யறது தெரியுமா?” என்றாள். கத்பர்ட் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலையில் மேட்டுக்குப் போனேன். நாமே சாப்பாடு கொண்டு போனால் பிச்சை என்று நினைத்து மறுத்துவிடுவாளோ என்று, சொல்ல வேண்டியதை ஒரு துண்டுத் தாளில் எழுதி வைத்திருந்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் எல்லாம் மறந்துபோயிற்று. தொப்பியைக் கழற்றிவிட்டு, “உன் முறையில என் கூரையைப் போட்டுக்கிட்டேன், எர்னஸ்டீன்” என்றேன். “தெரியும், சுத்தியல் சத்தம் இங்க வரைக்கும் கேட்டுது. உங்க வீட்டு மீன் ஒரே உப்புன்னும் தச்சனுங்க சொன்னாங்க” என்றாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, “அஞ்சு தடவை வந்தீங்க, ஒரு தடவை ஏன்னு கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். நானா எப்படி வாய் திறப்பேன்?” என்றாள். துண்டுத் தாளைச் சட்டைப் பையில் திணித்தேன். அவளே, “சும்மா வாங்கித் தின்ன மாட்டேன். உங்க பெரிய பானையைத் தூக்கிட்டு வாங்க, ஊர்ல அவங்கவங்க முடிஞ்சதைக் கொண்டு வரட்டும், சமைக்கறது என் கை” என்றாள்.

சனிக்கிழமை பாதி ஊர் சேப்பங்கிழங்கும் சீமைப்பலாவுமாக மேட்டில் ஏறியது. மதியம் எல்லாரும் சாப்பிட்டார்கள், கத்பர்ட் மூன்று தட்டு. நாலு மணிக்குக் கடைசித் தகடு அடித்தார்கள், ஐந்து மணிக்கு மழை வந்தது. தகரத்தில் விழும் சத்தத்தைக் கேட்டு அவள் அண்ணன் படுத்தபடியே மேலே பார்த்துச் சிரித்தார். எனக்குக் கடைசியாக ஒரு தட்டு கொடுத்து, “இங்க உக்காருங்க செக்ரட்டரி, நனையாது” என்றாள். அவள் குத்திக்காட்டவில்லை, அதுதான் தாங்கவில்லை.

இதோடு முடிந்திருந்தால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். ஞாயிறு பூசையில் பாதர் தச்சர்களுக்கு நன்றி சொன்ன கையோடு என் பட்டியலையும் புகழ்ந்தார், எல்லாரும் கைதட்டினார்கள், இரண்டு வரிசை முன்னால் எர்னஸ்டீனும் தட்டினாள். எழுந்து நின்று இரண்டு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். முன்பெஞ்சைப் பிடித்தபடி உட்கார்ந்தே இருந்தேன். சிந்தித்துப் பார்த்தால் அந்த முதல் திங்கட்கிழமை அவளிடம் ஏன் என்று நான் கேட்காததற்குக் காரணம் மறதியல்ல, அடுத்த பெயர் நம் பெயர் என்பதுதான்.

ஆகவே, முன் கடிதத்தை வாசித்த அதே இடத்தில் நின்று இதையும் வாசித்துவிடு. உனக்குக் கூச்சமாக இருக்கும், எனக்காகப் பொறுத்துக்கொள். ஆண்டவர் உன்னையும் உன் வீட்டையும் நிழலில் வைத்துக் காக்கட்டும், லீனாவுக்குத் தாத்தாவின் முத்தம். எங்களுக்குச் சாமான் பெட்டி அனுப்பும்போது மூடியோடு பெரிய பானை ஒன்று வைக்க மறக்காதே, நம்முடையது எர்னஸ்டீன் வீட்டில் இருக்கிறது, அது அங்கேயே இருக்கட்டும்.

உன் அப்பா,
அல்சீட் வால்மண்ட்