அக்கா பார்க்கும் எறும்புகள்

மார்ச் 4

பூச்சி மருந்து அடிக்கிறவர் மறுபடியும் வந்தார். சமையலறை அலமாரிகளை இழுத்துப் போட்டு, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "போன தடவை அடிச்சதே போதும்மா. ஒரு எறும்புகூட இல்லை" என்றார்.

அக்கா வாசற்படியில் நின்றுகொண்டு, "அந்தச் சுவர்ல ஊர்வலமே போகுதே, தெரியலையா உங்களுக்கு?" என்று கேட்டாள். அவர் சுவரைப் பார்த்தார். நானும் பார்த்தேன். வெறும் வெள்ளைச் சுவர். "நானும் கண்ணாடி போடணும் போல" என்று சிரித்துக்கொண்டே கிளம்பிவிட்டார்.

அக்கா ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். காலம் முழுக்க நுண்ணோக்கியில் கண்ணை வைத்து, மற்றவர்களுக்குத் தெரியாததைப் பார்த்துச் சொன்னவள். எனக்கோ ஊசியில் நூல் கோக்கவே கண்ணாடி வேண்டும். யார் கண்ணை நம்புவது?

மார்ச் 6

இன்றும் எறும்பு. சுவரைத் துடைத்தேன். துணி சுத்தமாகவே இருந்தது.

மார்ச் 11

தையல் கடையிலிருந்து வந்தால் சமையலறை முழுக்கத் தண்ணீர். குடிக்கப் பிடித்து வைத்திருந்ததை எல்லாம் கொட்டியிருக்கிறாள். வழுக்கி விழப் பார்த்தேன். கத்திவிட்டேன்.

"எல்லாத்துலயும் வண்டு மிதக்குதுடி. எப்படிக் குடிப்பே நீ?" என்றாள். எனக்காகத்தான் கொட்டியிருக்கிறாள்.

தம்பிக்கு ஃபோன் செய்தேன். வேறு ஊரில் இருப்பவனுக்கு எல்லாம் சுலபம். "உடனே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ" என்றான்.

மார்ச் 20

கண்ணில் கோளாறு இல்லையாம். மறதி நோயில் இது ஒரு வகையாம். முதலில் இல்லாத பூச்சி, இல்லாத ஆள் எல்லாம் தெரியுமாம். மறதி பின்னால் வருமாம். "வாதாடாதீங்க. அவங்களுக்கு அது நிஜம்" என்றார் டாக்டர். என்னைத் தனியாகக் கூப்பிட்டுத்தான் சொன்னார். ஆனால் அக்காவை ஏமாற்ற முடியுமா?

பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்தபடியே கேட்டாள். "நான் பார்க்கிறது எதுவும் இல்லைங்கிறாரா?"

மருந்துச் சீட்டை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

"இல்லைன்னு தெரிஞ்சாலும் பயமாத்தாண்டி இருக்கு. கால் மேல ஏறுதே."

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது சொன்னாள். "லேப்ல சந்தேகம் வந்தா இன்னொருத்தரைப் பார்க்கச் சொல்லுவோம். இனிமே நான் கேட்டா நீ பார்த்துச் சொல்லு. இருக்குன்னா இருக்கு, இல்லைன்னா இல்லை. ஆறுதலுக்காகப் பொய் மட்டும் சொல்லிடாதே."

ஏப்ரல் 2

ஏற்பாடு நன்றாகத்தான் போகிறது. விரலை நீட்டி "இருக்கா?" என்கிறாள். "இல்லைக்கா" என்கிறேன். சரி என்று தலையாட்டிவிட்டு அந்தப் பக்கமே பார்க்காமல் நடக்கிறாள். அதற்கு எவ்வளவு மனசு வேண்டும்!

இன்று குளியலறையில் "இருக்கா?" என்றாள். போய்ப் பார்த்தால் கட்டை விரல் தடிமனுக்கு ஒரு கரப்பான். "இருக்கு" என்றேன். அக்கா முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. செருப்பைக் கழற்றி ஒரே போடு. "அப்பாடா, இவனாவது யோக்கியன்" என்றாள். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. அவள் இப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று.

ஏப்ரல் 29

பள்ளிச் சீருடை தைக்கும் காலம். முதுகு விட்டுப்போகிறது. வந்ததும் வராததுமாக, "படுக்கையில இருக்கா, பாரேன்" என்றாள். இல்லைக்கா, இல்லை, தூங்கு.

மே 8

அக்காவின் கை முழுக்கச் சிவப்புத் தடிப்பு. சொறிந்து சொறிந்து புண்ணாக்கி வைத்திருக்கிறாள். நகத்தை வெட்டிவிட்டேன். "கடிக்குதுடி" என்றாள். ஒன்றுமில்லைக்கா என்றேன்.

மே 15

காலையில் படுக்கை விரிப்பை மாற்றும்போது தற்செயலாக மெத்தை ஓரத்தைத் தூக்கினேன். தையல் மடிப்பு நெடுக மூட்டைப்பூச்சி. குட்டியும் பெரிசுமாக. ஒன்றை நசுக்கினேன், விரலில் ரத்தம். அக்காவின் ரத்தம்.

நாள் முழுக்கத் துணிமணியோடு தையலோடு கிடக்கிறவள் நான். ஒரு மடிப்பைப் புரட்டிப் பார்க்க எனக்கு ஏன் தோன்றவில்லை? என்ன மனுஷி நான் —

மே 16

மெத்தையைத் தூக்கி எறிந்தாயிற்று. மருந்து அடித்தாயிற்று. "என்னைத் திட்டேன் அக்கா" என்றேன். திட்டவில்லை. தடிப்புகளுக்குக் களிம்பு தடவக் கையை நீட்டினாள்.

"நீ பார்க்காமலே சொன்னே" என்றாள். அவ்வளவுதான்.

மே 30

அக்கா இப்போதெல்லாம் என்னிடம் எதுவும் கேட்பதில்லை.

ஜூன் 5

கட்டிலில் படுப்பதில்லை. நாற்காலியிலேயே காலை மடக்கிக்கொண்டு தூங்குகிறாள். நானாகவே போய், "அக்கா, நல்லாப் பார்த்துட்டேன், சுவர்ல ஒண்ணுமில்லை" என்றேன். "சரி" என்றாள். கண் மட்டும் சுவரை விட்டு நகரவில்லை. என் வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் இதுவரை நடமாடிக்கொண்டிருந்தாள். அந்தப் பிடியையும் விட்டுவிட்டாள்.

ஜூன் 12

திரைச்சீலையில் எறும்பு ஏறுகிறதென்று தீக்குச்சியைக் கிழித்து வைத்திருக்கிறாள். நான் கடையில் இருந்தேன். எதிர்வீட்டுக்காரர் புகையைப் பார்த்து ஓடிவந்து அணைத்திருக்கிறார். ஜன்னல் பக்கம் முழுக்கக் கருகல். அக்காவுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகவில்லை. இதையே எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஜூன் 13

தம்பி வந்துவிட்டான். முதியோர் இல்லத்தில் சேர்க்கலாம் என்று ஆரம்பித்தான். அவன் பேசி முடிக்குமுன் நான் சண்டைக்கு நின்றேன். "வேலையை விட்டுடறேன். அவளை எங்கேயும் அனுப்பமாட்டேன்."

அக்கா உள்ளேயிருந்து வந்தாள். இன்று தெளிவாக இருந்தாள். "அவன் சொல்றது சரிதான். என்னைச் சேர்த்துடுங்க" என்றாள்.

"என்மேல கோபமா அக்கா?"

"கோபம் என்னடி கோபம். ஒரு நாள் உன் தலைமுடியில எறும்பு தெரியும். அன்னிக்கு நான் என்ன பண்ணுவேன்னு எனக்கே தெரியாது."

தம்பி எழுந்து வெளியே போய்விட்டான்.

ஜூலை 1

கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தோம். வீடு துடைத்துவிட்டாற்போல் இருக்கிறது.

ஆகஸ்ட் 17

மருந்தை மாற்றியிருக்கிறார்களாம். பூச்சிகள் குறைந்துவிட்டனவாம். பேச்சும்தான்.

அக்டோபர் 5

நான் போனபோது ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். யாரோ தலையை அழகாக வாரிவிட்டிருந்தார்கள்.

"வாங்க. யாரைப் பார்க்கணும்?" என்றாள்.

"உங்களைத்தான்" என்றேன். நீங்க என்று என் வாயிலும் வந்துவிட்டது.

பக்கத்து நாற்காலியைக் காட்டினாள். உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து ஜன்னலைக் காட்டி, "மழையில அறுந்துடுச்சு. காலையிலேர்ந்து கட்டிக்கிட்டே இருக்கு, பாவம்" என்றாள்.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, எழுந்து போய், குனிந்து பார்த்தேன். கம்பிக்கும் சுவருக்கும் நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு சிலந்தி. பாதி வலை முடித்திருந்தது.

"ஆமா. நல்லா கட்டுது" என்றேன்.

பார்வை நேரம் முடியும்வரை இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.