நாலு விரல் உயரப் படிகள்

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. அங்கே நீயும் உன் மனைவியும் மகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொல்லியிருக்கலாம். நீ பாதியில் "சிக்னல் இல்லக்கா" என்று வைத்துவிடுவாய்.

போன வாரம் அலுவலகத் தோழிகளோடு பழைய வீடுகளைப் பார்க்கும் சுற்றுலாவுக்குப் போயிருந்தேன். முப்பது வருஷம் வீட்டு வரைபடங்களை நகலெடுத்தவளுக்கு நிஜ வீட்டைப் பார்க்க ஆசை இருக்காதா? முதல் வீட்டில் வெயிலைத் தடுத்துக் காற்றை மட்டும் விடும்படி மரச்சட்டங்களைச் சாய்த்து அடித்திருந்தார்கள். நகர மனசே வரவில்லை. இரண்டாவது வீட்டைக் கட்டியவர் கப்பல் சமையல்காரராம். வட்ட ஜன்னல்கள், குளியலறைக்கு இறங்க ஏணி. 'ஸ்கேல்' என்று நாங்கள் கூப்பிடும் ஒல்லித் தோழி, "பாவம், இவர் பெண்டாட்டிக்கு வீட்டுக்குள்ளயே வாந்தி வந்திருக்கும்" என்றாள். வயிறு வலிக்கச் சிரித்தோம்.

மூன்றாவதாக வண்டி நின்றது நம் வீட்டு வாசலில்.

அப்பா போனதும் நீ விற்ற வீடு காட்சிக்கூடமாகியிருப்பது எனக்குத் தெரியாது. வாசலில் பலகை வைத்திருக்கிறார்கள். இளம் வயதிலேயே மனைவியை இழந்த ஒரு கொத்தனார், தனிமையில் தன் மனம்போன போக்கில் கட்டிய விசித்திர வீடு என்று எழுதியிருக்கிறது. கீழே, 'தகவல்: கட்டியவரின் மகன்.'

அந்த வீட்டில் பதினோரு வருஷம் வாழ்ந்த அம்மாவை, வீடு கட்டும் முன்பே கொன்றுவிட்டாயே தம்பி.

வழிகாட்டி நல்ல பேச்சுக்காரர். முழங்கால் உயர ஜன்னல்களைக் காட்டி, "பூனை வேடிக்கை பார்க்க வச்சதோ என்னவோ" என்றார். சுவர் நெடுக ஓடும் பள்ளத்தைப் பாம்பு அலங்காரம் என்றார். "இந்த மனுஷனுக்கு அளக்கத் தெரியல. சரியா அளந்திருந்தா நீங்க ஏன் இங்க வரப்போறீங்க?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பள்ளத்தில் விரல்களைக் கோத்துக்கொண்டு அம்மா அடுக்களைவரை போய்வந்தது உனக்கு மறந்துவிட்டதா? நடை நின்றதும், படுத்தபடியே தெருவைப் பார்க்கட்டும் என்று அப்பா எல்லா ஜன்னல்களையும் இடித்துக் கீழே இறக்கினாரே, அன்றைக்குச் செங்கல்லை நனைத்துக் கொடுத்தது நீயும் நானும்தானே?

யாருக்காவது சந்தேகம் உண்டா என்று வழிகாட்டி கேட்டார். வாயைத் திறந்தேன். "ஒண்ணுமில்ல" என்றேன். உன் கல்யாணப் பேச்சில், அம்மா காய்ச்சலில் போனார் என்று நீ சொன்னபோதும் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டியவள்தானே நான். வியாதியைச் சொன்னால் பெண் கொடுக்க மாட்டார்கள் என்று பயந்தோம்.

பிறகு மாடிக்கு ஏறினோம். காலைத் தூக்கி வைக்க முடியாத அம்மாவுக்காக அப்பா கட்டிய அந்த நாலு விரல் உயரப் படிகள், நாற்பத்திரண்டும் அப்படியே இருக்கின்றன. அவ்வளவு தாழ்ந்த படி பழகாமல் எல்லோரும் தடுமாறினார்கள். ஸ்கேல் குப்புற விழப் பார்த்தாள். நான் மட்டும் ஒரே சீராக ஏறிப் போனேன். "எப்படிடி?" என்று மேலே வந்து மூச்சிரைக்கக் கேட்டாள்.

ஆறு மாதமாக என் இடது கால் செருப்பு தானாகக் கழன்றுகொள்கிறது. மற்ற வீடுகளில் ஒவ்வொரு படிக்கும் காலைக் கையால் தூக்கி வைக்காத குறைதான். அம்மாவுக்கு ஆரம்பித்ததும் இப்படித்தான். ஊர் திரும்பியதும் டாக்டரிடம் போனேன். குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா என்று கேட்டார். இருந்தது என்றேன். வெளியாளிடம் நான் அதைச் சொன்னது அதுவே முதல் தடவை. வியாதியின் பெயரை எழுதி வாங்கி இதோடு வைத்திருக்கிறேன். உடன்பிறந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்றார்.

உன் மகளுக்கு வரன் பார்ப்பதாக உன் மனைவி சொன்னாள். பழையபடி என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துத் தலையாட்டச் சொல்லாதே. அவளுக்கு ஒரு பாட்டி இருந்தாள், எப்படி இருந்தாள் என்பதை முதலில் நீயே அவளிடம் சொல். இந்த மாதத்துக்குள் நீ சொல்லாவிட்டால் நான் அவளுக்கு நேராக எழுதுவேன். அதற்காக என்னோடு பேசாமல் போனாலும் சரி.

குழந்தைக்கு என் ஆசிகள். அவள் வேண்டிய இடத்துக்கெல்லாம் தன் காலால் நடந்து போகட்டும். நீயும் ஒருமுறை வந்துவிட்டுப் போ. நானே எழுந்துவந்து கதவைத் திறக்கிற நாளிலேயே வா.

இப்படிக்கு,
உன் அக்கா