பொங்கல் பானைப் பியர்

பிள்ளையார் துணை

மொன்றியல்
18.2.2007

அன்புள்ள தம்பி குகனுக்கு,

அக்கா எழுதுகிறேன். முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். பிறகு கஜி சொல்லி உனக்குத் தெரிய வந்தால் எனக்கு மரியாதை இல்லை. நீ விட்டுவிட்டுப் போன பியர் வாளியைத் திறந்து நுரையை விரலால் வழித்து நக்கிப் பார்த்தேன். ஒரு தரம் என்றால் சொல்லியிருக்க மாட்டேன். இரண்டாம் தரம் நக்கும்போது கஜி படியில் நிற்கிறாள். "அம்மா, என்ன செய்யிறீங்கள்?" என்றாள். உப்புப் பார்க்கிறேன் என்றேன். வாயில் வந்தது அதுதான்.

ஆம், வாளி இருக்கிறது. "உதைக் கொண்டுபோய் ஊத்து" என்று அத்தான் கத்தியது, நீ பியரை வாளியில் மூடி வைத்துவிட்டு மறுநாள் வாசலில் சப்பாத்துப் போடும்போது உன் காதிலும் விழுந்திருக்கும். ஊற்றத்தான் போனேன். பேஸ்மென்ற் படியில் பாதி இறங்கியிருப்பேன், மூடியில் நீ செருகி வைத்த அந்தத் தண்ணீர்க் குழாய் 'புளுக்' என்றது. நின்றேன். திரும்பவும் 'புளுக்'. ஏப்பம் விட்டுக்கொண்டு இருக்கிற ஒன்றை எப்படி ஊற்றுவது? ஊற்றியாச்சோ என்று அத்தான் கேட்டார். பேஸ்மென்ற் கழுவியாச்சு என்றேன். கழுவியது உண்மைதான்.

நீ ஃபோன் எடுக்கிறாய் இல்லை. உன் கூட்டாளி வின்சன்டுக்கு அடித்து, நீ அவனோடுதான் தங்கியிருக்கிறாய் என்று அறிந்து, விலாசம் வாங்கினேன். எட்மன்ரனில் நாற்பது பாகைக் குளிராம். தொப்பி போடு. உன் தலையில் குளிரைத் தடுக்க வேறு ஒன்றும் மிச்சமில்லை.

தம்பி, நீ செய்ததும் பிழைதான். பியர் காய்ச்ச உனக்கு வேறு பானையே கிடைக்கவில்லையா? தைப்பொங்கலுக்குக் கோயிலில் பொங்கிய பானை அது. அத்தான் கோயில் சபையில் இருக்கிற மனுசன். வேலையால் வந்து கதவைத் திறந்தால் வீடு முழுக்கப் பார்லி அவியும் மணம், அடுப்பில் அவருடைய பானை, பக்கத்தில் நீ அகப்பையோடு. "வீட்டை விட்டுப் போ" என்று அவர் சொன்னது பெரிய பிழை. ஆனால் நீ என்ன கேட்டாய்? "உள்ளுக்கை என்ன கொதிக்குது எண்டு பானைக்குத் தெரியுமோ அத்தான்?" அதற்கு நான் சிரித்துவிட்டேன். அவருக்கு மெத்தக் கொதித்தது என் சிரிப்பில்தான் என்று நினைக்கிறேன்.

இன்னொன்றும் செய்தேன். அந்த நுரையில் இரண்டு கரண்டி அள்ளி அப்பமாவில் விட்டேன். கள்ளு விட்டுப் புளிக்க வைக்கிற மா, இங்கே கள்ளுக்கு எங்கே போவது? இத்தனை வருடமாகப் பாக்கெட் ஈஸ்ட் போட்டு, ஓரம் முறுகினால் நடு களியாகவும், நடு வெந்தால் ஓரம் கருகியும் சுட்டுக்கொண்டு இருந்தேன். அன்று விடியப் பார்த்தால் மா சட்டியை விட்டு வெளியே வந்து நிற்கிறது. அத்தான் சாப்பிட்டுக்கொண்டே போனார். கடைசியில் "இண்டைக்குத்தான் அப்பம் அப்பமா இருக்கு. என்ன போட்டனீர்?" என்றார். கைராசி என்றேன்.

இனி விசயத்துக்கு வருகிறேன். கஜி பெரிய பிள்ளையான சடங்குக்கு ஐயர் நாள் வைத்துவிட்டார். மே மாதம் இரண்டாம் சனிக்கிழமை. மண்டபமும் எடுத்தாச்சு. பிள்ளைக்கு முதல் தண்ணீர் வார்க்கவும் தேங்காய் உடைக்கவும் தாய்மாமன் வேண்டும். எனக்கு இருக்கிறது ஒரு தம்பி. நீ வராவிட்டால், லொங்குய்யில் இருக்கிற நம்முடைய பெரியம்மாவின் மகன் ஆனந்தராசா தயாராக நிற்கிறார். இப்போதே பட்டு வேட்டி எடுத்துவிட்டாராம். கஜியிடம் சொன்னேன். "அவர் தண்ணி வாத்தா நான் குளிக்க மாட்டன்" என்கிறாள்.

அத்தான் உனக்கு ஃபோன் எடுக்க மாட்டார். நீயும் எடுக்க மாட்டாய். நடுவில் நானும் வாளியும் இருக்கிறோம். வாளிக்கு அடுத்ததாக என்ன செய்ய வேண்டும் என்றாவது எழுது. ஃபிரீசரில் பச்சையாக ஏதோ பையில் கிடக்கிறதே, அது இதற்குத்தானா?

காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ.

உன் அக்கா,
ஜெகதீஸ்வரி


மொன்றியல்
8.3.2007

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அதற்குப் பெயர் கடிதமா? இரண்டு பக்கமும் பியர். அக்கா சுகமா என்று ஒரு வரி இல்லை. சடங்கைப் பற்றி மூச்சு இல்லை. ஆனால் வாளியைக் குளிர்ச் சுவரோடு வைக்க வேண்டாம் என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறாய். நானும் ஒரு வாளியாகப் பிறந்திருக்கலாம்.

நீ எழுதியபடி மேல் வீட்டுப் பற்றிக்கைக் கூப்பிட்டேன். அத்தான் வேலைக்குப் போன பிறகு, சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு கள்ளன் மாதிரி இறங்கி வந்தான். அவன் பிரெஞ்சில் சொல்ல, கஜி தமிழில் சொல்ல, நான் கேள்வி கேட்க, பிள்ளை களைத்துப் போனாள். அவன் எல்லை தாண்டி வெர்மொன்ற் போய் வாங்கி வருகிற கலங்கல் பியரின் அடி மண்டியில் இருந்துதான் நீங்கள் இரண்டு பேரும் ஈஸ்ட் வளர்த்தீர்களாம். தயிருக்கு உறை ஊற்றுகிற மாதிரி! இதை ஏன் எனக்கு முன்னமே சொல்லவில்லை? நான் ஏதோ ஆஸ்பத்திரிச் சாமான் என்று நினைத்துப் பயந்துகொண்டு இருந்தேன். உறை ஊற்றுகிற வேலை என்றால் உன்னைவிட எனக்குத் தெரியுமே.

அந்தப் பச்சைப் பையைத் திறந்தோம். தம்பி, பார்வைக்கு அது ஆட்டுப் பிழுக்கைதான். பியருக்குப் போடுகிற ஹொப்ஸ் பூவை அரைத்து உருட்டியதாம், பற்றிக் சொன்னான். என்ன பெயராக இருந்தாலும் பிழுக்கை பிழுக்கைதான் என்றேன். கஜி அதை மொழிபெயர்க்க மாட்டேன் என்றுவிட்டாள். ஆனால் மூக்கருகே கொண்டுபோனால் தோடம்பழத் தோலைக் கண்ணுக்குள் பிதுக்கிய மாதிரி ஒரு மணம். இதை ஏன் கொதிக்கும்போதே போட்டு முடிக்கவில்லை, எல்லாம் ஆறிக் கிடக்கிறபோது ஏன் கொட்டுவது என்று கேட்டேன். கொதித்தால் கசப்புத்தான் இறங்கும், மணம் பறந்துவிடும் என்றான். அப்படியா சங்கதி! ரசத்தை இறக்கி வைத்துவிட்டுக் கொத்தமல்லித்தழை போடுகிற அதே கணக்கு. அவனுக்கு ஒரு கிண்ணம் ரசம் கொடுத்து விளங்கப்படுத்தினேன். மூக்கால் தண்ணீர் வடிய வடியக் குடித்தான்.

பிறகு நான் ஒரு வேலை செய்தேன். அவனுக்கு ருசி பார்க்கக் கொடுப்போம் என்று வாளியில் ஒரு கோப்பை மொண்டு, இரண்டு கோப்பையாகப் பிடித்து, தேத்தண்ணி ஆற்றுகிற மாதிரி உயரத் தூக்கி ஆற்றினேன். நல்ல நுரை. "நோ, நோ, மடாம்!" என்று பற்றிக் இரண்டு கையாலும் தலையைப் பிடித்தான். நல்லவேளை, முழு வாளியையும் ஆற்றவில்லை. காற்றுப் பட்டால் பழுதாம். எனக்கு நம்பிக்கை வரவில்லை. அந்தக் கோப்பையை அப்படியே மூடி அலுமாரியில் வைத்துப் பார்த்தேன். சில நாளில் மஞ்சள் நிறம் போய்த் தேத்தண்ணி நிறம் வந்தது. மணத்தால் நனைந்த காட்போட் பெட்டி. தேத்தண்ணிக்குக் காற்று நல்லது, இதற்குக் கூடாது. ஏன் தம்பி? பற்றிக் காரணம் சொன்னான். "எனக்கு உந்தச் சொல்லுகள் தெரியாது" என்று கஜி மேலே ஏறிப் போய்விட்டாள். நீதான் வந்து சொல்ல வேண்டும்.

ஓட்ஸ் ஏன் போட்டாய்? கலங்கல் ஏன் தெளியவே இல்லை? தெளியாமல் இருப்பதுதான் நல்லது என்றால் அது நல்ல கலங்கலா பழுதான கலங்கலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எல்லாவற்றுக்கும் கடிதத்தில் பதில் வேண்டாம். நேரில் சொல்.

இப்போது ஒரு புதினம். நேற்று வாளியைப் பார்க்க இறங்கினேன். சுவரோடு இருந்த வாளி நடு அறையில், ஹீற்றர் பக்கமாக இருக்கிறது. அதன் மேல் அத்தானின் பழைய குளிர்க்கோட்டு, கைகள் இரண்டையும் முன்னால் இழுத்து முடிச்சுப் போட்டபடி. நான் வைக்கவில்லை. கஜியும் வைக்கவில்லை. குளிர்ச் சுவர் கூடாது என்பது உன் கடிதத்தைப் படித்தவருக்குத்தான் தெரியும். கடிதத்தை நான் அரிசி மூட்டைக்குப் பின்னால் வைத்திருந்தேன். போய்ப் பார்த்தேன், அங்கேதான் இருந்தது. ஆனால் நான் மடிக்கிற மாதிரி மடித்திருக்கவில்லை.

நான் அதைத் திரும்ப என் மாதிரி மடித்து வைத்தேன். இரவு சாப்பிட்டுவிட்டு எழும்பும்போது அத்தான், "பேந்து எப்ப அப்பம்?" என்றார்.

சடங்குக்கு வருகிறேன் என்று அடுத்த கடிதத்தில் ஒரு சொல் எழுது. பியருக்கு நடுவில் எங்கேயாவது எழுதினாலும் போதும், நான் தேடிக் கண்டுபிடிப்பேன்.

அன்புடன் அக்கா


மொன்றியல்
2.4.2007

என் அன்புத் தம்பிக்கு,

உன்னிடம் இருந்து பதில் இல்லை. தபால்காரனைக் கண்டால் அவனே இப்போது தலையை ஆட்டிவிட்டுப் போகிறான்.

பியரைப் போத்தலில் அடைத்துப் பல நாளாகிவிட்டது. போன ஞாயிறு முதல் போத்தலைத் திறந்தோம். நானும் பற்றிக்கும் பேஸ்மென்றில், அரிசி மூட்டையில் இருந்துகொண்டு. கண்ணாடிக் குவளையில் ஊற்றினால் மறுபக்கம் தெரியவில்லை. பழுத்த மாம்பழத்தைப் பிழிந்து விட்ட மாதிரி மஞ்சள். மேலே நுரை வெள்ளையாகப் படிந்து அசையாமல் நிற்கிறது. நான் ஒரு மிடறுதான் குடித்தேன். சரி, மூன்று. முதலில் தோடம்பழம். பிறகு பால் குடித்த மாதிரி நாக்கில் ஒரு வழுக்கல், அதுதான் ஓட்ஸ் செய்கிற வேலை என்று பற்றிக் கையால் காட்டினான். கசப்பு வரும் வரும் என்று பார்த்திருந்தேன். எல்லாம் முடிந்த பிறகு, வந்த விருந்தாளி வாசலில் நின்று ஒரு சொல் சொல்லிவிட்டுப் போகிற மாதிரிக் கொஞ்சமாக வந்துபோனது. சாமானெல்லாம் நீ போட்டதுதான். ஆனால் உன்னுடைய முந்தின பியரைவிட இது திறம் என்று பற்றிக் சொன்னான். கோபிக்காதே, எனக்கு அதில் சரியான சந்தோசம்.

இனி நான் சொல்வதை ஆறுதலாக வாசி.

சனிக்கிழமை ஆனந்தராசா ஃபோன் எடுத்தார். கஜிக்கு என்ன நிறத்தில் சேலை, அதற்குத் தோதாகத் தான் சால்வை எடுக்க வேண்டுமாம். ஃபோனை எடுத்தது அத்தான். நான் குசினியில் வெங்காயம் வெட்டுவதை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்தேன். முதலில் "ம்", "ம்" என்று கேட்டுக்கொண்டு இருந்தார். பிறகு, "ஆனந்தராசா, நீங்கள் குடும்பத்தோடை வாங்கோ, வடிவா இருந்து சாப்பிடுங்கோ. தேங்காய் உடைக்க எங்கடை குகன் வருவான்" என்றார்.

எங்கடை குகன் என்றுதான் சொன்னார். என் காதால் கேட்டேன். ஃபோனை வைத்துவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்து, "என்ன, இன்னும் ஒரு வெங்காயம் வெட்டி முடியேல்லையோ?" என்று எரிந்து விழுந்தார். வெங்காயம்தான் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தேன்.

நீ வருவாயா என்று அவர் என்னிடம் கேட்கவில்லை. கேட்டு எழுது என்றும் சொல்லவில்லை. ஐயரிடமும் சொல்லிவிட்டார், கோயில் சபையிலும் சொல்லிவிட்டார், மாமன் எட்மன்ரனில் இருந்து வருகிறான் என்று. தம்பி, அவருக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியாது. கலியாணம் கட்டி இத்தனை வருடத்தில் என்னிடமே ஒரு தரமும் கேட்டது கிடையாது. கோபம் ஆறினால் கடைக்குப் போய்க் கத்தரிக்காய் வாங்கி வந்து மேசையில் வைப்பார், அவ்வளவுதான். உனக்கு எட்மன்ரனுக்குக் கத்தரிக்காய் அனுப்ப வழியில்லை. அதனால்தான் இப்படி ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறார். இனி நீ வராவிட்டால் வெட்கப்படப் போவது அந்த மனுசன்தான். ஆளைக் கைவிட்டுவிடாதே.

உன் கட்டிலுக்கு விரிப்பு மாற்றிவிட்டேன். கஜி தன் பங்குக்கு உன் அறையில் இருந்த தன் பெட்டிகளை எல்லாம் எடுத்துவிட்டாள். நீ வந்து நின்று பிள்ளையின் தலையில் தண்ணீரை வார். மிச்சம் எல்லாம் தானாக நடக்கும். பிள்ளையார் உன்னைச் சுகமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அக்கா

பி.கு. கடிதத்தை ஒட்டுவதற்கு முன் இதையும் எழுதிவிடுகிறேன். இன்று காலை மீன் எடுக்க ஃபிரீசரைத் திறந்தேன். உள்ளே ஒரு பியர்ப் போத்தல் இருந்தது. உறைந்து மூடி கழன்று, பியர் முழுவதும் வழிந்து பாரை மீனின் மேல் பச்சையும் மஞ்சளுமாகக் கட்டியாகிவிட்டது. சீக்கிரம் குளிரட்டும் என்று யாரோ வைத்து மறந்திருக்கிறார்கள். நான் வைக்கவில்லை. அத்தானிடம் கேட்டேன். பற்றிக்தான் வைத்திருப்பான் என்றார். பற்றிக்கிடம் எங்கள் வீட்டுக் கதவுத் திறப்பு இல்லை. மீனைக் கழுவிக் குழம்பு வைத்தேன். கசந்தது. அத்தான் இரண்டாம் தரமும் போட்டுச் சாப்பிட்டார். வெந்தயம் கொஞ்சம் கூடிப்போச்சு என்று மட்டும் சொன்னார். வீட்டில் வெந்தயம் முடிந்து ஒரு கிழமையாகிறது.